பால் ஸ்க்ரூ மாற்றும் முன் யோசிக்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் என் வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ஓர் ஆலையின் டூல் ரூமில் 32 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, ஏலத்தில் எடுத்த பழைய டரட் மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் இயந்திரம்) ஒன்றைப் பழுது பார்த்து, அக்கம்பக்கத்துப் பம்ப் பட்டறைகளுக்குச் சிறு சிறு ஜாப்களும், என் விருப்பத்துக்குச் சில கருவிகளும் அதில் செய்து வருகிறேன். கடந்த சில மாதங்களாக ஆவாரம்பாளையத்திலிருந்தும் சின்னவேடம்பட்டியிலிருந்தும் இளைஞர்கள், எண்ணெய்த் தாளில் சுற்றிய பால் ஸ்க்ரூவை, அதாவது எஃகுக் குண்டுகள் மேல் உருண்டு ஓடும் திருகை, கையில் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வருகிறார்கள். "இதை மாட்டிட்டா மெஷின் புதுசு மாதிரி ஆயிடுமுங்களா ஐயா?" என்பதே அவர்கள் எல்லோருடைய கேள்வியும். தனித்தனியாக அவர்களிடம் சொல்லி வரும் பதிலைத் தங்கள் நாளிதழின் வழியாக மற்றவர்களுக்கும் சொல்ல விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன். பதில் சற்று நீளமானது. அதில் உடலுக்குத் தீங்கு நேரக்கூடிய ஓர் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையும் இருப்பதால், இயன்றவரை சுருக்காமல் வெளியிடும்படி வேண்டுகிறேன்.

மில்லிங் மெஷினின் மேசையை நகர்த்துவது அதன் அடியில் கிடக்கும் நீண்ட திருகுதான். பழைய மெஷின்களில் இது ஆக்மி அல்லது ட்ரெபிசாய்டல் எனப்படும், சரிந்த பக்கங்களுள்ள மரை வெட்டிய எஃகுத் தண்டாக இருக்கும். மேசையைத் தாங்கும் சேடில் என்ற பகுதியில் பொருத்திய கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டுக்குள் உராய்ந்துகொண்டே சுழலும். உராய்வதால் இரண்டும் தேயும். தேய்ந்த இடைவெளியைத்தான் பேக்லாஷ் என்கிறோம். கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி நிறுத்திவிட்டு மறுபக்கம் திருப்பினால், மேசை அசைவதற்கு முன் கைப்பிடி மட்டும் சிறிது தூரம் வெறுமனே சுற்றுவதை மெஷினில் கை வைத்தவர்கள் அனைவரும் அறிவார்கள். தேய்மானம் திருகு முழுவதும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. ஜாப்பைப் பிடிக்கும் வைஸ் மேசையின் நடுவில் இருப்பதால் வேலையும் நடுவிலேயே நடக்கிறது. ஆகவே திருகின் நடுப்பகுதி அதிகமாகத் தேய்ந்தும், இரு முனைகள் ஏறக்குறைய புதிதாகவும் இருக்கும். நட்டைப் பிளந்து இறுக்கும் வசதி சில மெஷின்களில் உண்டு. நடுவில் ஆட்டம் போகும் அளவுக்கு அதை இறுக்கினால் மேசை முனைகளில் பிடித்துக்கொள்ளும். முனைகளுக்குத் தக்கபடி தளர்த்தினால் நடுவில் மறுபடியும் ஆடும். இந்த அலுப்பில்தான் பலரும் பால் ஸ்க்ரூவின் பக்கம் திரும்புகிறார்கள்.

பால் ஸ்க்ரூவில் தண்டுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. நட்டின் ஒரு முனைக்கு வந்த குண்டு, உள்ளேயே உள்ள திருப்பு வழியில் நுழைந்து மீண்டும் தொடக்கத்துக்கு வந்துவிடும். லாரியின் ஸ்டீயரிங் பெட்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அங்கும் இதே குண்டுகள்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றன. நம் பட்டறைகளில் பெரும்பாலும் புழங்கும் 1605, 2005 ஆகிய அளவுகளில் முதல் இரண்டு இலக்கங்கள் தண்டின் விட்டத்தையும், அடுத்த இரண்டும் ஒரு சுற்றுக்கு நகரும் தூரத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. இவற்றில் உள்ள குண்டின் விட்டம் 3.175 மில்லிமீட்டர், அதாவது நம் ஊர்க் கணக்கில் சரியாக ஒரு நூல். உராய்வதற்குப் பதிலாக உருள்வதால், ஆக்மி திருகில் நாம் கொடுக்கும் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே மேசைக்குப் போய்ச் சேர, பால் ஸ்க்ரூவில் பத்தில் ஒன்பது பங்கு போய்ச் சேருகிறது. இந்த நன்மையை நான் மறுக்கவில்லை. என் மெஷினிலும் இரண்டு பால் ஸ்க்ரூக்களைப் போட்டுத்தான் இருக்கிறேன். ஆனால், போட்ட அன்றே பலன் கிடைத்துவிடவில்லை என்பதையும், அதற்கு யார் மீதும் குறை சொல்ல முடியாதபடி தவறு என் பக்கமே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாற்றுவதற்கு முன் என் மெஷினின் நீளவாட்டத்தில் 0.35 மில்லிமீட்டர் பேக்லாஷ் இருந்தது. 2005 பால் ஸ்க்ரூவை மாட்டி முடித்து, ஆவலோடு டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவுக்கருவி) வைத்துப் பார்த்தபோது 0.14 காட்டியது. நட்டின் மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாட்கள் வீணாக்கினேன். நட்டில் குற்றமே இல்லை. பழைய மெஷினில் திருகின் முனையைத் தாங்கியிருந்த சாதாரண டீப் குரூவ் பேரிங்கை, நன்றாகத்தானே சுற்றுகிறது என்று எண்ணி அப்படியே விட்டிருந்தேன். அந்த வகை பேரிங் தண்டின் எடையைப் பக்கவாட்டில் தாங்குவதற்கு உரியது. அச்சின் போக்கில் தள்ளினால் அதற்குள்ளேயே சிறிது முன்னும் பின்னும் போகும். கட்டர் மேசையைத் தள்ளும் விசை முழுவதும் அச்சின் போக்கில்தான் வருகிறது. பிறகு 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 7202 ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகள் இரண்டை வாங்கி, ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்படி அமைத்து, லாக் நட்டால் உள்வளையங்களை இறுக்கிய பிறகே ஆட்டம் 0.02 மில்லிமீட்டருக்கு இறங்கியது. இரண்டையும் ஒரே திசை பார்க்க வைத்து மாட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். அப்படி மாட்டினால் ஒரு பக்கத் தள்ளலை மட்டுமே அவை தாங்கும். மறுபக்கம் தள்ளும்போது பணம் போட்டு வாங்கிய பேரிங் இருந்தும் இல்லாதது போலத்தான்.

எனவே, ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் எதையும் வாங்க வேண்டாம் என்பதே நான் இளைஞர்களுக்குச் சொல்லும் முதல் சொல். அதைக் கண்டுபிடிக்க ஒரு டயல் கேஜும் அரை மணி நேரமும் போதும். கைச்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேசையின் முனையில் டயலை வைத்து, மேசையை இரு பக்கமும் கையால் அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். வரும் எண் மொத்த ஆட்டம். அடுத்து, திருகின் முனையில் உள்ள சென்டர் துளையில் சிறிது கிரீஸ் தடவி, ஒரு சிறு எஃகுக் குண்டை ஒட்டவைத்து, தட்டையான முனையுள்ள டயலை அந்தக் குண்டின் மேல் பட வைக்க வேண்டும். டயலின் ஸ்டாண்டை மேசையின் மேலேயே நிறுத்துவது முக்கியம், ஏனென்றால் திருகைத் தாங்கும் பேரிங் மேசையின் முனைத் தகட்டில்தான் இருக்கிறது. இப்போது மேசையைத் தள்ளினால் டயலில் வருவது பேரிங்கின் ஆட்டம் மட்டும். மொத்தத்திலிருந்து இதைக் கழித்தால் எஞ்சுவது நட்டின் ஆட்டம். என்னிடம் வந்தவர்களில் ஒருவரின் மெஷினில் மொத்த ஆட்டத்தில் பாதிக்கு மேல் பேரிங்கிலேயே இருந்தது. அவர் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, வாங்க இருந்த பால் ஸ்க்ரூவை வாங்காமலேயே விட்டுவிட்டார்.

மேசை குறுக்காகத் திரும்பும் ஆட்டம் இன்னொன்று. அது திருகைச் சேர்ந்ததே அல்ல. மேசை வழுக்கி ஓடும் டவ்டெயில் வழித்தடம் தேய்ந்து, அதன் இடைவெளியை நிரப்பும் கிப் பட்டை தளர்ந்திருந்தால், எவ்வளவு உயர்ந்த பால் ஸ்க்ரூவை மாட்டினாலும் மேசை ஒரு முனையில் இருக்கும்போது ஒரு கோணத்திலும், மறுமுனைக்குப் போகும்போது வேறு கோணத்திலும் நிற்கும். அதற்கு மருந்து சர்ஃபேஸ் பிளேட் எனும் துல்லியச் சமதளத் தட்டும், மேட்டைக் காட்டும் நீல மையும், ஸ்க்ரேப்பரும், பொறுமையும்தான். நீலம் தடவித் தேய்த்துப் பார்த்து, மேடான புள்ளிகளை மட்டும் சுரண்டி எடுக்கும் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் தலைமுறையோடு குறைந்து வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் வரிசை அதுதான்: முதலில் வழித்தடம், பிறகு பேரிங், கடைசியில் திருகு.

இனி நான் மேலே குறிப்பிட்ட ஆபத்துக்கு வருகிறேன். ஆக்மி திருகின் உராய்வை எல்லோரும் குறையாகவே பேசுகிறார்கள். அந்த உராய்வு சத்தமில்லாமல் செய்துவந்த ஒரு காவலை யாரும் நினைப்பதில்லை. 20 மில்லிமீட்டர் விட்டத்தில் 5 மில்லிமீட்டர் ஏறும் மரையின் சரிவு நாலரை பாகைதான். எண்ணெய் போட்ட கன்மெட்டலின் உராய்வு, அவ்வளவு சிறிய சரிவில் எதையும் சறுக்க விடாது. ஆகவே கைச்சக்கரத்தைச் சுற்றினால் மேசை நகரும். மேசையைத் தள்ளினால் கைச்சக்கரம் சுற்றாது. பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகவும் குறைந்துவிடுவதால், அதே நாலரை பாகைச் சரிவில் குண்டுகள் தாராளமாக உருண்டு இறங்கும். மேசையை 100 கிலோ விசையோடு தள்ளினால் திருகின் மீது சுமார் 0.7 நியூட்டன் மீட்டர் முறுக்கு திரும்ப வருகிறது. கையில் பிடித்துக்கொண்டிருந்தால் அது பெரிய பாரம் இல்லை. கையை எடுத்துவிட்டுக் குறுக்குவாட்டத்தில் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால், கட்டரின் அதிர்வில் நீளவாட்டம் தானாகவே ஊர்ந்து, ஜாப்பின் அளவு போய்விடும். அதனால் கையால் ஓட்டும் மெஷினில் பால் ஸ்க்ரூ போட்டவர்கள், அன்று வரை தொடாமலிருந்த மேசைப் பூட்டுகளை ஒவ்வொரு வெட்டுக்கும் இறுக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

கிடைவாட்டத்தில் ஜாப்தான் கெடும். செங்குத்து அச்சில் அப்படி அல்ல. என் நண்பர் ஒருவர், தலைப்பகுதி முழுவதும் தூணின் மேல் ஏறி இறங்கும் சிறிய மில்லிங் மெஷினில் பால் ஸ்க்ரூவும், சிறு சிறு அடிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரும் பொருத்தியிருந்தார். மோட்டாரும், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் சேர்ந்து அந்தத் தலையின் எடை சுமார் 45 கிலோ. ஸ்டெப்பர் மோட்டாரில் மின்சாரம் ஓடும் வரை தலை அசையாமல் நின்றது. ஒரு நாள் மாலை மின்தடை ஏற்பட்டது. மின்சாரம் போன நொடியில் மோட்டாரின் பிடிப்பும் போய்விட்டது. 45 கிலோ எடை திருகைச் சுமார் 0.3 நியூட்டன் மீட்டர் முறுக்கோடு திருப்பியது. மின்சாரம் இல்லாத அந்தச் சிறு மோட்டாரில் எஞ்சியிருந்த காந்தப் பிடிப்பு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தலை இறங்கி, கட்டர் வைஸின் தாடையில் மோதி உடைந்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் அவர் ஜாப்பை மாற்றிவிட்டுக் கையை வெளியே எடுத்திருந்தார். கிப்பின் இறுக்கத்தில் பல மாதங்கள் இறங்காமல் நின்ற தலை, அன்று காலையில் வழித்தடத்துக்கு எண்ணெய் விட்டதும் இறங்கியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இதுவரை நின்றது என்பதால் இனியும் நிற்கும் என்று நம்பக் கூடாது. செங்குத்து அச்சில் பால் ஸ்க்ரூ போடுபவர்கள், மின்சாரம் போனால் தானாகவே பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள மோட்டாரைப் போட வேண்டும். தலையின் எடைக்குச் சமமான எதிர் எடையையோ கேஸ் ஸ்பிரிங்கையோ கட்டினால் மோட்டாரின் பாரமும் குறையும். இதற்கான செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டுப் பட்டறையில் நம்மோடு பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள். என் மெஷினில் மேசையைத் தாங்கும் ‘நீ’ (knee, முழங்கால்) எனப்படும் பகுதியைத் தூக்குவதற்குப் பழைய ஆக்மி திருகையே நான் இன்னும் வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். அந்த எடைக்கு அதன் உராய்வே காவல்.

அப்படியானால் பால் ஸ்க்ரூ யாருக்குத் தேவை? மெஷினைக் கையால் மட்டுமே ஓட்டப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அதே பணத்தில், அல்லது அதைவிடக் குறைவாக, கண்ணாடி ஸ்கேல் வைத்த டிஆர்ஓ (அளவைத் திரையில் எண்ணாகக் காட்டும் கருவி) ஒன்றை வாங்கி மாட்டலாம். அது திருகின் சுற்றைக் கணக்கிடாமல் மேசை நகர்ந்த தூரத்தையே நேராக அளக்கிறது. சாதாரணமாகக் கிடைப்பவை 0.005 மில்லிமீட்டர் வரை காட்டும். திருகு எவ்வளவு தேய்ந்திருந்தாலும், பேக்லாஷ் எவ்வளவு இருந்தாலும், மேசை எங்கே நிற்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும். தேய்ந்த திருகின் ஆட்டத்தோடு அளவு பிடிக்கக் கற்றுக்கொள்வதும் டர்னரும் ஃபிட்டரும் காலங்காலமாகச் செய்து வந்ததே. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வர வேண்டும், தாண்டிவிட்டால் அரைச் சுற்றுப் பின்னால் போய் மறுபடியும் வர வேண்டும் என்ற பழக்கத்தை எனக்குக் கற்றுக் கொடுத்த மேஸ்திரியை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மெஷினை சிஎன்சி (கணினி வழி இயங்குவது) ஆக்குபவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பால் ஸ்க்ரூ அவசியம். பேக்லாஷைக் கணினி மென்பொருளிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வதை நம்பிப் பழைய திருகோடு மோட்டாரை மாட்டியவர்களும் என்னிடம் வந்தார்கள். மென்பொருள் செய்வது இதுதான்: திசை மாறும்போது, வெறுமனே சுற்ற வேண்டிய அளவைக் கூடுதலாகச் சுற்றிக் கொடுக்கிறது. கட்டர் மேசையை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அப் மில்லிங்கில் கட்டர் மேசையின் ஓட்டத்தை எதிர்த்துத் தள்ளுவதால் நட்டு எப்போதும் திருகின் ஒரே பக்கத்தில் அழுந்தி நிற்கும். ஆட்டம் இருந்தாலும் வெளியே தெரியாது. டவுன் மில்லிங்கில் கட்டரின் பற்கள் மேசையைத் தன்னோடு சேர்த்து இழுக்கும். 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ள மெஷினில், மேசை அந்த 0.3 முழுவதையும் ஒரே தாவலாகத் தாவி, ஒரு பல் எடுக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு உலோகத்தை அதன் வாயில் திணித்துவிடும். சிறிய எண்ட் மில் கட்டர் அந்த நொடியே முறியும். சிஎன்சியில் ஒரு வட்டத்தையோ பாக்கெட் எனும் பள்ளத்தையோ வெட்டும்போது மேசையின் திசை ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். கார்பைடு கட்டருக்கும் அலுமினியத்துக்கும் டவுன் மில்லிங்கே நல்ல முகத்தைத் தரும். ஆகவே அங்கே ஆட்டமே இல்லாத திருகு வேண்டும்; மென்பொருளின் ஒட்டுவேலை செல்லாது.

வாங்கும்போது நேரும் ஏமாற்றத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பால் ஸ்க்ரூவுக்குத் துல்லியத் தரங்கள் உண்டு. 300 மில்லிமீட்டர் நகரும்போது ஏற்படக்கூடிய பிழை சி5 தரத்தில் 0.018 மில்லிமீட்டர், சி7 தரத்தில் 0.05, சி10 தரத்தில் 0.21. கிரைண்டிங் செய்து முடிப்பவை உயர்ந்த தரங்களில் வருகின்றன. உருட்டி மரை எழுப்பிய ரோல்டு வகை பெரும்பாலும் சி7, சி10 தரங்களில் வருகிறது. நான் வாங்கிய கடையில் சி5 என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். பில்லில் "பால் ஸ்க்ரூ 2005, ஒன்று" என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. மாட்டிய பிறகு, பழைய சக ஊழியர் ஒருவரிடம் இரவல் வாங்கிய 300 மில்லிமீட்டர் லெங்த் பார் எனும் துல்லிய அளவுத் தண்டையும் டயலையும் வைத்து, 60 சுற்றுகள் சுற்றிப் பார்த்தேன். வர வேண்டியது 300.00, வந்தது 300.11. மூன்று முறை பார்த்தும் அதே எண். அது சி5 தரத்தில் இல்லை, சி7 தரத்திலும் இல்லை. கடைக்காரரிடம் திரும்பப் போனபோது, எழுத்தில் எதுவும் இல்லாததால் என்னால் எதையும் நிலைநாட்ட முடியவில்லை. நியாயமாகச் சொன்னால், 300 மில்லிமீட்டரில் 0.11 பிழை என்பது பெரும்பாலான வீட்டுப் பட்டறை வேலைகளுக்குக் கேடு செய்யாது; நீளம் முழுவதும் சீராக ஏறும் பிழையை சிஎன்சி மென்பொருளில் திருத்திக்கொள்ளவும் முடியும். பேக்லாஷைப் போலன்றி இந்தப் பிழையைக் கணினி உண்மையாகவே சரிசெய்யும், ஏனென்றால் இது கட்டரின் இழுப்பைப் பொறுத்து மாறுவதில்லை. சி10 தரத்துக்கு சி10 விலையைக் கொடுத்திருந்தால் எனக்கு எந்த வருத்தமும் இருந்திருக்காது.

பொருத்தும் வேலையில் கவனிக்க வேண்டியவை பல. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன். தண்டிலிருந்து நட்டைக் கழற்றவே கூடாது. கழற்றினால் குண்டுகள் கொட்டிவிடும். கழற்றியே ஆக வேண்டுமானால், மரையின் அடிவிட்டத்தைவிடச் சற்றே மெலிந்த குழாய் ஒன்றைத் தண்டின் முனையோடு சேர்த்து வைத்து, நட்டை அதன் மேல் உருட்டி எடுக்க வேண்டும். நான் அந்தக் குழாயை ஒரு மில்லிமீட்டர் மெலிதாகக் கடைந்துவிட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தரையில் காந்தத்தை வைத்துக் குண்டு பொறுக்கினேன். கடைசி இரண்டு கிடைக்கவே இல்லை. தண்டின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது என்பதால் முனைகளைக் கடைய ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் உதவாது, கார்பைடு வேண்டும். கடைந்த முனை மரையோடு ஒரே மையத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் மேசை ஒருமுறை இறுகித் தளரும். என் கணிப்பில் அந்த விலகல் 0.02 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சேடிலில் பழைய நட்டு இருந்த இடத்தில் புதிய நட்டு அடங்காது. 2005 நட்டின் உடல் விட்டம் 36 மில்லிமீட்டர், அதன் ஃபிளாஞ்ச் எனும் விளிம்புத் தட்டு 58 மில்லிமீட்டர். இடம் போதவில்லை என்று வார்ப்பிரும்புச் சேடிலைக் கண்டபடி குடைந்துவிட்டால் அதன் உறுதி போய்விடும். திரும்ப ஒட்டவைக்க முடியாது. குறுக்குவாட்டத்தில் நான் 1605 திருகைப் போட்டதற்கு, அதன் நட்டு 28 மில்லிமீட்டர் விட்டத்தில் அடங்கிவிடுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. திருகின் ஒரு முனையை மட்டுமே பேரிங்கில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மறுமுனை நீளவாட்டில் நகர விடப்பட வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் 10 பாகை கூடினால், அரை மீட்டர் எஃகுத் தண்டு 0.06 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் இறுக்கிவிட்டால் அந்த நீட்சிக்குப் போக வழியில்லாமல் பேரிங்குகள்தான் அடிபடும்.

தூசியைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கன்மெட்டல் நட்டு பொறுமையானது. வார்ப்பிரும்புத் தூள் உள்ளே போனாலும் அரைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓடும். பால் ஸ்க்ரூ அதைப் பொறுக்காது. ஒரே ஒரு பிசிறு குண்டின் பாதையில் சிக்கினால், அந்தப் பாதையில் பள்ளம் விழத் தொடங்கிவிடும். பம்ப் உறுப்புகளைச் செய்யும் நம் பட்டறைகளில் வார்ப்பிரும்புத் தூளுக்குக் குறைவில்லை என்பதால், நட்டின் இரு பக்கமும் தூசியைத் துடைக்கும் வைப்பரும், திருகின் மேல் மடிப்புறையோ தகட்டு மூடியோ கட்டாயம் வேண்டும். கிரீஸ் லித்தியம் வகையாக இருக்கட்டும். கிராஃபைட்டோ மாலிப்டினம் டைசல்ஃபைடோ கலந்த கறுப்பு கிரீஸைப் போட வேண்டாம். வாங்கிய திருகின் மேல் இருப்பது பெரும்பாலும் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய்தான். அதைத் துடைத்துவிட்டு முறையான கிரீஸைச் செலுத்திய பிறகே ஓட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதியதன் நோக்கம் இளைஞர்களின் ஆர்வத்தைக் குறைப்பதல்ல. பழைய இரும்பாகக் காயலான் கடைக்குப் போக வேண்டிய மெஷின்களைக் காப்பாற்றி, வீட்டிலேயே சிஎன்சி ஆக்க முனையும் அவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்படுகிறது. அவர்களுக்காக மூன்று வேண்டுகோள்களைத் தங்கள் நாளிதழின் மூலம் முன்வைக்கிறேன். பால் ஸ்க்ரூ விற்கும் வணிகர்கள், அதன் தரம் சி7 அல்லது சி10 என்பதையும், நட்டு முன்னழுத்தம் (ஆட்டம் இல்லாதபடி குண்டுகளை முன்பே அழுத்தி வைப்பது) கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதையும் பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர்களும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். கோவையிலும் மற்ற தொழில் நகரங்களிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும், மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது தங்கள் அளவியல் ஆய்வகங்களைச் சிறு பட்டறைக்காரர்களுக்கு நியாயமான கட்டணத்தில் திறந்துவிட வேண்டும். ஒரு திருகை 300 மில்லிமீட்டருக்கு அளந்து, பிழையைத் தாளில் எழுதிக் கொடுப்பது அங்குள்ள மாணவர்களுக்கும் நல்ல பயிற்சியாக அமையும். புத்தகத்தில் படித்த லீட் பிழையை அவர்கள் கையால் தொட்டுப் பார்த்தது போலாகும். மூன்றாவதாக, ஸ்க்ரேப்பிங் தெரிந்த என் வயதுக்காரர்கள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அந்தச் சனிக்கிழமைகளில் அழைத்து உட்காரவைத்தால், டவ்டெயிலை எப்படிச் சரிசெய்வது என்பதை அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லிக் கொடுப்பார்கள். அழைத்தால் நானும் என் ஸ்க்ரேப்பரையும் நீலக் குப்பியையும் எடுத்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வுபெற்ற டூல் ரூம் ஃபிட்டர்,
கணபதி, கோயம்புத்தூர்.